தர்மாஸ்பத்திரி மாத்திரை

என் மனைவி சென்னியம்மாளைப் பற்றி எழுதினால் என் யோக்கியதையையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். புதுச்சத்திரத்துப் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் மரவள்ளி, எங்கள் பேச்சில் குச்சிக்கிழங்கு. பாடுபட்டது அவள், நல்ல விவசாயி என்று பேர் வாங்கியது நான். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் காட்டில் இறங்கினால் பொழுது சாய்ந்துதான் ஏறுவாள். யாரையும் எதிர்த்துப் பேச மாட்டாள், முக்கியமாக என்னை.

ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. நாமக்கல்லில் தனியார் டாக்டரிடம் காட்டினோம். கிழங்கு விலை போனால் மாத்திரை, இல்லாவிட்டால் இல்லை. மாத்திரை விடுபடுவதை நாங்கள் வெளியே சொன்னதில்லை.

வீடு வீடாகச் சர்க்கார் மாத்திரை கொடுக்கும் வேலையில் எங்கள் ஊருக்கு மஞ்சுளா என்ற பெண் வந்தாள். எங்கள் காட்டில் கூலிக்கு வரும் சடையன் வீட்டிலும் அவளிடம்தான் வாங்கினார்கள். ஒரு நாள் பையோடு எங்கள் கேட்டைத் தட்டினாள். எதிர்வீட்டு வாசலில் பங்காளிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏனுங்கண்ணா, அக்காவுக்குச் சக்கரை இருக்குதுன்னாங்க. பேரு எழுதிக்கட்டுங்களா?"

"எங்க ஊட்ல ஆருக்கும் ஒண்ணுமில்ல அம்மிணி. தர்மாஸ்பத்திரி மாத்திரை திங்கற நெலமைக்கு நாங்க இன்னும் வரல."

"இது தர்மமில்லீங்கண்ணா. மோட்டாருக்குச் சும்மா வர்ற கரண்டு மாதிரி, இதும் நம்ம உரிமைதானுங்க."

சுருக்கென்றது. இலவச மின்சாரத்தை நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியபோது கலெக்டர் ஆபீஸ் முன்னால் உட்கார்ந்து உரிமை உரிமை என்று தொண்டை கிழியக் கத்தியவன் நான். மோட்டாருக்கு வந்தால் உரிமை, பெண்டாட்டிக்கு வந்தால் தர்மம். இந்த நியாயத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தேனோ தெரியவில்லை. கேட்டைச் சாத்தினேன். உள்ளே சென்னியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அரிசி புடைக்கப் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் கிழங்கு பிடுங்கும்போது அவள் காலில் குச்சி ஏறியது. வலியே தெரியவில்லை என்று மஞ்சள் வைத்துக் கட்டினாள். அதையும் நம்பிக்கொண்டு இருந்தேன். விரல் கறுத்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன், நான் இளக்காரமாகப் பேசிய அதே சர்க்கார் பெரியாஸ்பத்திரிக்கு. அங்கே எங்கள் சாதியையும் கேட்கவில்லை, நிலத்தையும் கேட்கவில்லை. உயிரைக் காப்பாற்றினார்கள். மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் டாக்டர் ஸ்ரீதேவி கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கறாங்களே, ஏம்மா வாங்கிக்கலை?"

சென்னியம்மாள் முந்திக்கொண்டாள்.

"நாந்தானுங்க வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். இவரு வாங்கிக்கச் சொன்னாருங்க. நாந்தான் கேக்கலீங்க."

"வீட்டுக்காரர் இவ்வளவு சொல்லியும் கேக்கலைன்னா எப்படிம்மா?" என்று டாக்டர் அவளைக் கடிந்துகொண்டார். இல்லை, நான்தான் என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. அவள் தலையைக் குனிந்து திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் என் பக்கம் திரும்பி, "அப்படித்தானேங்க?" என்றார்.

நான் தலையாட்டினேன்.