எட்டு மணிச் சங்கு ஊதியும் நகராத பஸ்

அறுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் அந்தமானில், போர்ட் பிளேர் துறைமுகத்துக்கு அக்கரையில், பாம்பூ ஃப்ளாட்டில் குடியிருந்தோம். அம்மா இல்லை. மரம் வெட்டும் இடத்தில் கால் நசுங்கி அப்பா படுத்த படுக்கை. அபர்டீன் பஜாரில் ஓர் அலுவலகத்தில் நான் தற்காலிக டைப்பிஸ்ட். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

ஃபெர்ரியில் வந்து சாத்தம் ஜெட்டியில் இறங்கினால், பஜாருக்குப் போகக் காலையில் ஒரே ஒரு பஸ். பக்கத்து மர ஆலையில் எட்டு மணிச் சங்கு ஊதியதும் அது கிளம்பிவிடும். இரண்டாவது ஃபெர்ரியோ அக்கரைக் கடிகாரத்தைப் பார்த்துப் புறப்படும். அந்தக் கடிகாரம் சங்குக்கு ஐந்து நிமிஷம் பின்னால் ஓடியது. அதில் வருகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஃபெர்ரி விளிம்பில் ஓடத் தயாராக நிற்பார்கள். அவர்கள் கண்ணெதிரிலேயே பஸ் காலி சீட்டுகளோடு பாலம் ஏறிப் போகும். அப்புறம் மேடும் பள்ளமுமாக முக்கால் மணி நேர நடை. யாரிடம் போய்ச் சொன்னாலும் 'பஸ் வேறு ஆள், ஃபெர்ரி வேறு ஆள்' என்ற பதில்தான். ஐந்து நிமிஷத்தைத் தூக்கி இந்தப் பக்கம் வைக்க அந்த ஊரில் ஒருவருக்கும் நேரமில்லை.

விடியற்காலை முதல் ஃபெர்ரியைப் பிடித்துவிட்டால் எனக்குக் கவலையில்லை. அப்பாவுக்குக் காய்ச்சல் கண்ட இரண்டு நாட்கள் அதைத் தவறவிட்டதால் ஆபீஸ் ரிஜிஸ்தரில் இரண்டு 'லேட்' விழுந்திருந்தது. மூன்றாவது விழுந்தால் தற்காலிக ஆளுக்கு வேலை கிடையாது.

அன்றைக்கு முதல் ஃபெர்ரியிலேயே வந்து, பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். சங்கு ஊதியது. டிரைவர் வண்டியைக் கிளப்பினார். ஜன்னல் வழியே பார்த்தால், அடுத்த ஃபெர்ரி இதோ தொட்டுவிடும் தூரத்தில் வருகிறது. விளிம்பில் அதே கூட்டம், கையில் அதே செருப்பு. காய்கறிக் கூடையோடு வங்காளத்து அம்மா ஒருவரும் நின்றிருந்தார். முந்தின நாள், எனக்கு இரண்டாவது லேட் விழுந்த அன்று, இந்த பஸ்ஸைத் துரத்திப் பாலத்தில் விழுந்து, முழங்காலில் ரத்தத்தோடு கத்தரிக்காய் பொறுக்கியவர். அவரோடு சேர்ந்து நானும்தான் பொறுக்கினேன்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! கீழே குதித்து, சுற்றிக்கொண்டு போய், டிபன் கேரியரை முன் சக்கரத்துக்குக் கீழே வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நேர் எதிரே நின்றேன்.

டிரைவர் நம் ராமநாதபுரத்துக்காரர். ஹாரனை அமுக்கிப் பார்த்தார். நான் அசையவில்லை.

"ஏ தங்கச்சி, தள்ளு. எனக்கு ஸைரன்தான் டைம்."

"அந்தா ஃபெர்ரி வந்திருச்சுல்ல அண்ணே? கண்ணு தெரியுதுல்ல உங்களுக்கு?"

'கண்' என்றதுதான் அவருக்குச் சுருக்கென்றது. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். "எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேளு, எடுக்கிறேன்" என்று சொல்லி, எதிரே டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஃபெர்ரி வந்தது. எல்லாரும் ஓடிவந்து ஏறினார்கள். வேடிக்கை அதற்கப்புறம்தான். யாருக்காக நின்றேனோ அவர்களே ஜன்னல் வழியே தலையை நீட்டி, "மாஃபி மாங் லோ பெஹன், தேர் ஹோ ரஹா ஹை" என்று கெஞ்ச ஆரம்பித்தார்கள். நேரமாகிறதாம், மன்னிப்புக் கேட்டுவிட வேண்டுமாம்! எனக்கும்தான் நேரமாகிறது, மூன்றாவது லேட் தலைக்கு மேல் தொங்குகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. நான் என்ன தப்புச் செய்தேன்?

காய்கறிக்கார அம்மா மட்டும் ஏறவில்லை. கூடையைக் கொண்டுவந்து என் டிபன் கேரியர் பக்கத்தில் வைத்தார். டிரைவரைப் பார்த்து, "மாஃபி தும் மாங்கோ" என்றார். 'நீ கேள் மன்னிப்பு' என்று! கடைசியில் கண்டக்டர்தான் போய், வண்டி என்றைக்குமில்லாமல் நிறைந்திருப்பதைச் சொல்லி டிரைவரை இழுத்துவந்தார். அதற்குள் இருபத்தைந்து நிமிஷம் போய்விட்டது.

ஆபீஸில் சிவப்பு மையில் மூன்றாவது லேட் விழுந்தது. காரணத்தையும் பக்கத்தில் எழுதுங்கள் என்றேன். "அதுக்கெல்லாம் ரிஜிஸ்தர்ல கட்டம் கிடையாதும்மா" என்றார் ஹெட் கிளார்க். மாதக் கடைசியோடு வேலை போயிற்று. வீட்டில் அழுதேன், இல்லை என்று சொல்லமாட்டேன். "மன்னிப்புக் கேட்டிருக்கலாமேம்மா" என்றார் அப்பா. அதற்குத்தான் கூடுதலாக அழுதேன்.

மிச்சச் சம்பளம் வாங்க ஒருநாள் அந்த இரண்டாவது ஃபெர்ரியிலேயே கிளம்பினேன். இனி எனக்கென்ன அவசரம்? பாதி வழியில் சங்கு கேட்டது. நடந்துதான் போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஜெட்டியைப் பார்த்தேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. முன் சக்கரத்துக்கு எதிரே அந்த அம்மா கூடையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து, கீரையில் பழுத்த இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். முறை வைத்துக்கொண்டு, தினம் ஒருவராக முதல் ஃபெர்ரியிலேயே வந்து இப்படி உட்காருகிறார்களாம். என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னவர்களும் அதில் உண்டு. டிரைவர் டீ குடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காத மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் பஜாரில் வாடகை டைப்ரைட்டர் வைத்து, ஊராருக்கு மனு அடித்துக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டேன். இன்றைக்கும் யாராவது 'இங்கே வழக்கம் இப்படித்தான்' என்று என்னைத் தள்ளிப்போகச் சொன்னால், செருப்பைக் காலில் நன்றாக மாட்டிக்கொண்டு அங்கேயே நிற்கிறேன். வேலை போனது போனதுதான். ஆனால் அந்த மன்னிப்பை நான் இன்றுவரை கேட்கவில்லை.