மறுமுனையைப் பிடித்த கை

நம்பச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. போன ஐப்பசியில் சுருளிப்பட்டியில் நடந்தது இது. ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில். யார் எப்போது பேசினார்கள் என்பது நல்லகண்ணுவின் செல்போனில் இன்னும் அழியாமல் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

நல்லகண்ணுவுக்கு வயது எழுபது. கரண்டு வேலைக்காரன் எவனையும் அவர் நம்பமாட்டார். அதற்குக் காரணம் உண்டு. பழைய வீட்டில் ஒரு மழை நாளில் அவர் மனைவி முருகம்மாள் ஈரச் சுவரில் கை வைத்தாள். அவ்வளவுதான். கருமாதி முடிந்து சுவரை உடைத்துப் பார்த்தார்கள். பைப்புக்குள் அறுந்த வயரை முறுக்கி ஒட்டுப் போட்டு, மேலே பூசி மூடியிருந்தான் எவனோ.

இப்போது மகள் உமாதேவிக்காகப் புது வீடு. அவளுக்கு எட்டு மாதம். பிள்ளை பெற்று வந்து படுக்கப்போவது உள்ளறையில். ஊரில் எல்லோரும் சுவரைப் பூசிய பிறகுதான் வயர் இழுப்பார்கள். இவர் பூசும் முன்பே இழுக்கச் சொன்னார். கூடத்துச் சுவரில் பதித்த சுவிட்சுப் பெட்டியில் ஒருவர், உள்ளறைப் பெட்டியில் ஒருவர் நின்று வயரை மாற்றி மாற்றி இழுத்துப் பார்க்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் நல்ல வயர். சிக்கினால் உள்ளே ஒட்டு.

"பெருசு, செவத்துக்கு ஸ்கேன் எடுக்கணும்னா தேனி ஆசுபத்திரிக்குல்ல தூக்கிட்டுப் போகணும்" என்றார் கொத்தனார் தங்கப்பாண்டி. "ரெண்டு மணிக்குப் பூச ஆரம்பிச்சுருவேன். நாளைக்குக் கட்டப்பனைக்கு வேலைக்குப் போறேன். விட்டா தை மாசந்தான்."

சொல்லிவிட்டு ஆட்களோடு சாப்பிடப் போய்விட்டார்.

12.05. நல்லகண்ணு, வயர் இழுத்துவிட்டுப் போயிருந்த எலக்ட்ரீசியன் ஈஸ்வரபாண்டிக்குப் போன் போட்டார்.

"மாமா, உத்தமபாளையத்துல இருக்கேன். மழை ஊத்துது."

"எங்கன கெடந்தாலும் எந்திரிச்சு வாலே. ரெண்டு மணிக்குப் பூசப்போறாக."

"சரி மாமா. வந்துட்டேன்னு வச்சுக்கங்க."

12.40. கூடத்துப் பெட்டியருகே குத்தவைத்திருந்தார். வெளியே மழை. உள்ளறையில் சத்தம் கேட்டது. சரக்... சரக்... செருப்பை இழுத்து நடக்கிற சத்தம்.

"வந்துட்டியாலே?"

பெட்டியில் இருந்த பச்சை வயர் ஒரு சாண் உள்ளே போனது. வேலையை ஆரம்பித்துவிட்டான் என்று இவரும் இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. விட்டார். அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டது.

"வாயில என்ன கொழுக்கட்டையா? வந்தா வந்தேன்னு சொல்ல மாட்டியா?"

கறுப்பு வயர். அதுவும் நன்றாக வந்தது. ஆனால் ஜில்லென்று இருந்தது. ஐஸ் பெட்டியில் போட்டு எடுத்த மாதிரி.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உள்ளறைக்கு ஒரே வாசல். அது கூடத்தில், அவர் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. ஜன்னலுக்குக் கம்பி வைத்தாகிவிட்டது.

அந்த வாசலில் யாரும் நுழையவில்லை.

எழுந்து ஓடியிருக்கலாம். கால் எழுந்தும்விட்டது. ஆனால் சிவப்பு வயர் பாக்கி. அதில்தான் கரண்டு வரும். மணி 12.58.

உட்கார்ந்தார்.

"நீ யாரா வேணும்னாலும் இரு" என்றார். "இந்த ஒண்ணையும் பாத்துக் குடுத்துட்டுப் போயிரு. எம் மக இங்கன படுக்கணும்."

சிவப்பு வயர் அசைந்தது.

இழுத்தார். வரவில்லை.

சுவரில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தார். அந்தப் பக்கமும் இழுத்தது... விடவில்லை.

பைப்புக்குள் கிர்ர்... கிர்ர்...

உள்ளே யாரோ மூச்சு வாங்கினார்கள்.

டப்.

மல்லாக்க விழுந்தார். கையில் பாதி வயர். அறுந்த முனையில் கறுப்பு டேப். ஒட்டு.

1.04.

எட்டிப் பார்த்தார். உள்ளறையில் யாரும் இல்லை. சிமெண்டுத் தூசியில் ஒரு கால்தடம்கூட இல்லை. பச்சையும் கறுப்பும் தொங்கின. சிவப்பு வயரின் மறுபாதி பெட்டியிலும் இல்லை, பைப்பிலும் இல்லை.

1.15க்குத் தங்கப்பாண்டி நனைந்துகொண்டே ஓடிவந்தார்.

"பெருசு... ஈஸ்வரபாண்டி போயிட்டான். உத்தமபாளையம் ரோட்டுல லாரிக்காரன் அடிச்சுட்டான்."

"எப்ப?"

"பன்னெண்டே காலுக்கு. அந்த எடத்துலயே முடிஞ்சுபோச்சாம்."

அன்று சுவர் பூசப்படவில்லை.

மூன்றாம் நாள் நல்லகண்ணு துக்கம் கேட்கப் போனார். ஈஸ்வரபாண்டியின் மனைவி தேவயானி அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"வீட்ட விட்டுக் கெளம்பையில அவரு கையில ஒண்ணுமில்ல மாமா. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகையிலயும் கை விரிஞ்சுதான் இருந்துச்சுன்னு தூக்கிட்டுப் போனவுகளே சொல்றாக. ஆனா சாயங்காலம் எங்ககிட்டக் குடுக்கையில கையி இறுக மூடியிருந்துச்சு. உள்ளங்கைத் தோலு உரிஞ்சு கெடந்துச்சு. உள்ள செவப்பு வயரு. நாலு பேரு சேந்தும் வெரலப் பிரிக்க முடியல. அப்படியேதான் எரிச்சோம்... அது எங்கனருந்து மாமா வந்துச்சு?"