தானாகப் பச்சையான வயல்

டிகிரி முடித்து ஒன்பது வருடம் கழித்து, விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் வேளாண் சூழலியல், நீடித்த விவசாயம் என்ற ஒரு வருடச் சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்தேன். சனி, ஞாயிறு வகுப்பு. பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரிலிருந்து திண்டிவனம் வந்து, அங்கே விழுப்புரம் பஸ் பிடிக்க வேண்டும். வீட்டுக்காரருக்குச் சென்னையில் வேலை. மகளை மாமியார் பார்த்துக்கொண்டார். படிக்கிறேன் என்றதும் முதலில் சரி சொன்னதும் அவர்தான்.

படிப்பில் ஒவ்வொருவரும் ஒரு சோதனை வயல் வைக்க வேண்டும். எங்கள் நிலத்தில் ரோட்டோரமாக இருபது சென்ட் ஒதுக்கினேன். பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது நெல் நட்டேன், சாணமும் கோமியமும் கரைத்த ஜீவாமிர்தம் விட்டேன். உரமூட்டை எதுவும் கிடையாது. வாரம் ஒருமுறை இலை வண்ண அட்டையோடு வயலில் இறங்குவேன். வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் உள்ள அட்டை அது; எண் ஏறினால் பயிருக்குச் சத்து போதும் என்று அர்த்தம். நெல் இலையை அதன்மேல் வைத்து, எந்தப் பட்டையோடு ஒத்துப்போகிறதோ அந்த எண்ணை நோட்டில் எழுத வேண்டும்.

நட்டு ஒரு மாதத்தில் பயிர் மஞ்சளடித்தது. எண் இரண்டைத் தாண்டவில்லை. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். டீக்கடையில் சிரிக்கிறார்கள் என்று மாமியார் வந்து சொன்னார்.

"படிச்சிக்கினு வந்து பயிர காய வுடுதுன்றானுங்கம்மா. எனக்கே பேஜாரா கீது."

"முதல் வருஷம் அப்படித்தான் இருக்கும் அத்தை. மண்ணு பழகணும்," என்றேன்.

அவர் உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் அட்டையை வைத்தபோது எண் நான்கு. சந்தோஷத்தில் வரப்போரமாகவே இன்னும் பத்து இலையைப் பார்த்தேன், எல்லாம் நான்கு. நிமிர்ந்து வயல் முழுவதையும் பார்த்தபோதுதான் உறைத்தது. வரப்போரம் திட்டுத் திட்டாகக் கரும்பச்சை, நடுவில் கொஞ்சம் வெளிறல். கையால் இறைத்த உரம் அப்படித்தான் விழும். மோட்டார் கொட்டாயில் கவிழ்த்திருந்த பிளாஸ்டிக் பேசினைத் திருப்பினேன். அடியில் யூரியா ஈரத்தில் கரைந்து ஒட்டியிருந்தது.

வீட்டில் எங்கள் இருவரைத் தவிர உரம் இறைக்க யாரும் இல்லை. நான் அவமானப்படக் கூடாதென்று மாமியார் செய்த காரியம். பேசினைக் கழுவி வைத்தேன். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நோட்டில் நான்கு என்று எழுதினேன். ஏன் என்ற கட்டத்தில் 'பசுந்தாள் உரம் மட்கியதால்' என்று எழுதினேன்.

பத்து நாள் கழித்துக் கல்லூரியிலிருந்து வேனில் விவசாயிகளைக் கூட்டிக்கொண்டு வயல் பார்க்க வந்தார்கள். எல்லோரும் பாராட்டினார்கள். முகையூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா மட்டும் வயலுக்குள் இறங்கி, நெல் தூரைப் பிரித்துப் பார்த்தார். அவர் வீட்டில் முதல் முதலாகச் சொந்தமாகப் பயிர் வைத்தது அவர்தானாம். அதுவும் குத்தகை நிலம்.

"மேடம், நெசமாவே யூரியா போடலீங்களா?"

மாமியார் வரப்பில் எல்லோருக்கும் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"இல்லக்கா," என்றேன்.

அந்த அக்கா என் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். அடுத்து வந்த நவரைப் பட்டத்தில் குத்தகை நிலம் முழுக்க என் முறையில் நெல் வைத்திருப்பதாக மாசியில் போன் செய்தார்.

"மஞ்சளாவுது மேடம். இன்னா செய்யட்டும்? கொஞ்சமா யூரியா உட்டுடட்டுமா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சோதனை வயல் அறிக்கையைக் கல்லூரியில் கொடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"பொறுங்கக்கா. எங்க வயலும் இப்படித்தான் இருந்துச்சு. அப்புறம் தானா பச்சையாயிடுச்சு."

"நீங்க சொன்னா சரி."

இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டு முறையும் அதையே சொன்னேன். பிறகு போன் வரவில்லை. அறுப்பு முடிந்திருக்கும் என்று தோன்றிய ஒரு செவ்வாய்க்கிழமை, ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு அவர் ஊருக்குப் போனேன்.

வாசலில் நெல்லைக் காயவைத்துக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். வழக்கமாக வருவதில் பாதிதான் என்றார். என்னைக் குறை சொல்லவில்லை. "தண்ணி சரியா உடலயோ இன்னாவோ," என்று தன்மேலேயே போட்டுக்கொண்டார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல் நடந்தது முழுவதையும் சொன்னேன்.

அவர் கிளறுவதை நிறுத்தினார்.

"உங்க மாமியா எவ்ளோ போட்டாங்க?"

"தெரியலக்கா. கேக்கல."

"அத கேட்டுச் சொல்லியிருந்தாக்கூட நான் அவ்ளோ போட்டிருப்பேனே," என்றார். "நான் போன் பண்ணி உங்கள கேட்டேன் இல்ல?"

வெயிலில் வந்திருக்கிறேன் என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொன்னார். அடுத்த பட்டம் பற்றி ஒன்றும் பேசவில்லை.

அந்த வாரம் வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் சொன்னேன். "யூரியா விழுந்துடுச்சுன்னு அப்பவே சொல்லியிருந்தா சோதனைய வேற இடத்துல வச்சிருக்கலாமேம்மா," என்றார். திருத்தி எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். மார்க் குறைந்தது, சான்றிதழ் வந்தது. மாமியார் அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம், "எங்க மருமவ உரமே போடாம வெளய வச்சா" என்கிறார். பேசினை நான் பார்த்தது அவருக்கு இன்னும் தெரியாது.

வேனில் வந்தவர்கள் பெயரைக் கல்லூரியில் யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்களில் என்னை நம்பி யார் யார் எவ்வளவு நிலத்தில் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என் நம்பரை வாங்கியது அந்த அக்கா ஒருவர்தான்.