கறுப்புத் தொட்டியில் கரைந்த வெள்ளி

வெயிலை வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்காத ஒரு கறுப்பு இருக்கிறது. அதைச் செய்துதான் நாங்கள் பிழைத்தோம். மொட்டை மாடியில் வெந்நீருக்காகச் சாய்த்து வைத்திருக்கும் சோலார் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக்குக் கீழே தெரியும் கறுப்புத் தகட்டுக்குப் பெயிண்ட் அடித்திருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். சாதாரணக் கறுப்புப் பெயிண்ட் எவ்வளவு சூட்டை வாங்குகிறதோ அதில் பாதியை வெளியே விட்டுவிடும். நாங்கள் செம்புத் தகட்டில் முதலில் நிக்கலும் அதன்மேல் குரோமியக் கறுப்பும் மின்சாரத்தால் படியவைப்போம். அந்தக் கறுப்பு வாங்கிய சூட்டை விடாது. விரல் பட்டால் ரேகை விழும் அளவுக்கு மெல்லிய படலம். அதற்குத்தான் அத்தனை பாடு.

ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட். முதலாளி, தொழிலாளி, கூட்டிப் பெருக்குகிற ஆள் எல்லாம் நானும் என் கணவரும்தான். அவர் தென்காசிப் பக்கம். வண்டி செய்யும் பெரிய கம்பெனியில் பிளேட்டிங் என்கிற முலாம் பூசும் பிரிவில் இருந்தவர். சொந்தக் காலில் நிற்கப் போகிறேன் என்று நிரந்தர வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். நான் சிங்காரப்பேட்டையிலிருந்து வந்த பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. கரைசலைச் சோதிப்பது என் வேலை, தகட்டை முக்கி எடுப்பது அவர் வேலை. சண்டையில் மட்டும் இருவருக்கும் சம பங்கு.

எங்களுக்கு வேலை கொடுத்த கம்பெனி ஒன்றே ஒன்று. அத்திப்பள்ளி தாண்டி, கர்நாடகப் பக்கம், பெங்களூர் வீடுகளுக்கு வாட்டர் ஹீட்டர் செய்கிற கம்பெனி. அது கைவிட்டால் ஷெட்டை இழுத்து மூட வேண்டியதுதான். ஷெட்டை மூடினால் எங்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. விட்டுவந்த கம்பெனி திரும்ப எடுக்காது. மற்ற கம்பெனிகளின் வாசலில் இளவட்டங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

மின்வெட்டு ஊரையே படுத்தி எடுத்த வருஷங்கள் அவை. கறுப்புக் குரோமியக் கரைசல் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். கரண்ட் போனால் குளிரூட்டும் மெஷின் நிற்கும், கரைசல் சூடேறும், கறுப்பு வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிடும். அப்படித்தான் அடுத்தடுத்துச் சரக்கு திரும்பி வந்தது. கடைசியாக ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கம்பெனியின் மேனேஜர் போன் செய்தார். கன்னடக்காரர், தமிழ் பேசுவார்.

"நோடிம்மா, பாருங்க, திங்கக்கிழமை கொண்டு வாங்க. இதுவும் சரியில்லன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. பெங்களூர் பீன்யாவுல வேற பிளேட்டிங் ஆளுங்க இருக்காங்க."

என் கணவர் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, என்னிடம் சண்டைகூடப் போடவில்லை. அதுதான் எனக்குப் பெரிய கலக்கம்.

சனிக்கிழமை தெரிந்தவர் ஒருவரிடம் ஜெனரேட்டரை இரவல் வாங்கிவந்தார். கரைசல் குளிர்ந்தது. சாயங்காலம் சோதனைக்கு ஒரே ஒரு தகடு போட்டோம். ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே கறுப்பு. நாளைக்கு மொத்தச் சரக்கையும் முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டு, சமைப்பதற்காக நான் முன்னதாக வீட்டுக்குப் போனேன். அவர் பூட்டிவிட்டு வருவதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்தான் முதலில் வந்தேன். சின்னப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. தொட்டியிலிருந்து எடுத்த தகட்டை முதலில் ஒரு டிரம் தண்ணீரில் அலசுவோம். தகட்டோடு ஒட்டிவந்த குரோமியம் அந்தத் தண்ணீரில் தங்கும். அதைக் கீழே கொட்ட மனசு வராது. மறுநாள் காலையில் அந்த மஞ்சள் தண்ணீரை மொண்டு தொட்டியிலேயே ஊற்றி, குறைந்த மட்டத்தைச் சரிசெய்துகொள்வோம். அன்றும் அப்படியே ஊற்றினேன். அவர் வந்ததும் தகடுகளைத் தொங்கவிட்டு கரண்டைத் திறந்தோம்.

முதல் தகடு வெளியே வந்தபோது ஓரத்தில் மட்டும் கறுப்பு இருந்தது. நடுவில் பழுப்பும் வழுக்கையுமாக, பார்க்கவே சகிக்கவில்லை. அடுத்ததும் அப்படியே. அவர் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "குளிர்ச்சி சரியாத்தான இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் கொஞ்சம் கரைசலை எடுத்து, நைட்ரிக் அமிலம் விட்டு, புட்டியின் அடியில் மிச்சமிருந்த சில்வர் நைட்ரேட்டைச் சொட்டினேன். பால் திரிந்ததுபோல் வெள்ளையாகத் திரண்டது. உப்பு இருந்தால்தான் அப்படித் திரளும். இந்தக் கரைசலுக்கு உப்பு விஷம். சுத்திகரித்த தண்ணீரைத் தவிர வேறெதையும் நாங்கள் உள்ளே விட்டதில்லை. எங்கிருந்து வந்திருக்கும் என்று கிறுக்குப் பிடித்தவள்போல் ஷெட்டைச் சுற்றி வந்தேன். அலசுகிற டிரம்முக்குப் பக்கத்தில், காம்போடு ஒரு காய்ந்த மிளகாய் கிடந்தது.

"என்னாங்க, நேத்து சாயங்காலம் உப்பு மிளகா சுத்துனீங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஊர்க்கண்ணு பட்ருச்சோன்னு தோணிச்சு. தொட்டியச் சுத்தி உப்பு எடுத்தேன். கால்ல மிதிபடக் கூடாது, தண்ணில கரையணும்லா? அது கழுவுத தண்ணிதானன்னு டிரம்முல போட்டேன். வேற என்ன செய்யச் சொல்லுத?"

காலையில் அந்தத் தண்ணீர் தொட்டிக்குத்தான் போகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்கலாம் என்று நான் சொன்னபோது "ஜூஸ் போட்டுக் குடி" என்றவர் இவர். எனக்குக் கோபம் வரவில்லை. பயம் வந்தது. இந்த மனிதர் யாருக்கும் தெரியாமல், கையில் உப்பை வைத்துக்கொண்டு தொட்டியைச் சுற்றி வந்திருக்கிறார் என்றால், உள்ளுக்குள் எப்போதோ உடைந்துபோயிருக்கிறார். பக்கத்தில் இருந்துகொண்டு நான் அதைப் பார்க்கவில்லை.

கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட வழியில்லை. உப்பைப் பிடித்து இழுக்கக்கூடியது வெள்ளி ஒன்றுதான். வெள்ளி ரசாயனம் விற்கும் கடை பெங்களூரில் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை திறக்காது. வீட்டுக்குப் போய்க் கல்யாணத்துக்கு வந்த கொலுசையும் குங்குமச் சிமிழையும் எடுத்துவந்தேன். அதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அமிலப் புட்டியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

ஷெட்டுக்குப் பின்னால், காற்றடிக்கும் பக்கமாக நின்றுகொண்டு, நைட்ரிக் அமிலத்தில் கொலுசையும் சிமிழையும் போட்டோம். செம்பழுப்புப் புகை கிளம்பியது. முத்து முத்தாகக் கரைந்தது. நகை வெள்ளியில் செம்பு கலந்திருக்கும், அதனால் நீலம் பாரித்தது. கொஞ்சம் செம்பு எங்கள் தொட்டிக்குப் புதிதல்ல. சலவைச் சோடாவைக் கரைத்து விட்டதும் மாவுபோல் அடியில் படிந்தது. அதைப் பலமுறை அலசி, தொட்டியில் கொட்டி, துடுப்புக் கட்டையால் மாறி மாறிக் கலக்கினோம். போதாவிட்டால் என்ன செய்வது என்று என் மெட்டியில் கைவைத்தேன்.

"அதத் தொடாத!" என்று கத்தினார். அன்று முழுக்க அவர் குரல் உயர்ந்தது அப்போது மட்டும்தான்.

அடியில் தங்கிய கசண்டை வடிகட்டி, மிச்ச அழுக்கு அதில் படியட்டும் என்று பழைய தகரத்தைத் தொங்கவிட்டுக் கரண்ட் ஓட்டி, வெயில் தாழ்கிற நேரத்தில் மறுபடி ஒரு தகடு போட்டோம். வெளியே எடுத்தபோது எனக்குக் கண்ணைத் திறந்து பார்க்கத் தைரியமில்லை. அவர் அடுத்த தகட்டைக் கொக்கியில் மாட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். அப்படியொரு கறுப்பு எங்கள் தொட்டியிலிருந்து அதுவரை வந்ததில்லை. ஜெனரேட்டரில் டீசல் தீர்வதற்குள் மொத்தச் சரக்கையும் முடித்தோம்.

திங்கட்கிழமை பேரிகை கிராமத்திலிருந்து தக்காளி ஏற்றிப்போகும் டெம்போவில் இடம் கேட்டு, கூடைகளுக்கு நடுவில் தகடுகளைச் சாய்த்துக்கொண்டு போனோம். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். இன்னொரு தொட்டி போடலாம் என்றார். நானும் ஆமாம் போட்டேன்.

மேனேஜர் தகட்டில் டேப்பை ஒட்டிப் பிய்த்தார். ஒரு துகள்கூட வரவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "தும்பா சென்னாகிதே" என்றார். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று பொருள். பிறகு எங்களை உள்ளே அழைத்துப்போனார். கூரை உயரத்துக்குப் பெட்டிகள். ஒன்றைத் திறந்து காட்டினார். சீனாவிலிருந்து வந்த நீளக் கண்ணாடிக் குழாய்கள். கறுப்புப் பூச்சு கண்ணாடிக்கு உள்ளேயே இருந்தது.

"ரெண்டையும் விக்கலாம்னுதான் இதை இறக்கினோம். வெள்ளிக்கிழமைதான் ஓனர் முடிவு பண்ணாரு. இந்த லாட்டை எடுத்துக்கறேன். இனிமே எல்லாம் டியூப்தான். தகடு வேண்டாம்."

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. வெள்ளிக்கிழமையே ஒரு போன் செய்திருக்கக் கூடாதா?

என் கணவர் ஒரு குழாயை வாங்கி வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை ஏதாவது கண்டுபிடிப்பார் என்று நான் காத்திருந்தேன். பத்திரமாகப் பெட்டியில் திருப்பி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு மேனேஜர் முன்னால் நின்றார்.

"சார், இதெல்லாம் வீடுகளுக்குப் போய் மாட்டுததுக்கு ஆள் எடுக்கேளா?"

மேனேஜர் என் முகத்தைப் பார்த்தார்.

"ரெண்டு பேரு சார்" என்றேன்.