எங்கிருந்து எடுத்தது?

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் மிஸ் வேலை என்பது பயந்து பயந்து பார்க்கிற உத்தியோகம். கரண்ட் போனாலும் பயம், வந்தால் பிள்ளைகள் எதைத் திறப்பார்களோ என்று பயம். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் என்னைப் போல இதில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொன்னால் புரியும்.

மனைவியோடு கிரிவலம்

ஏழாம் வகுப்புக்கு ‘நம்ம ஊர் மலை’ என்று ப்ராஜெக்ட் கொடுத்தேன். முருகன் என்கிற பையன் இங்கிலீஷில் நான்கு பக்கம் கொண்டுவந்தான். இரண்டாம் பக்கத்தில், தானும் தன் மனைவியும் செருப்பில்லாமல் மலையைச் சுற்றியதாகவும், மனைவியின் காலில் கொப்புளம் வந்ததாகவும் இருந்தது. செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கிப்போன யாரோ வெள்ளைக்காரர் எழுதியதை அப்படியே எடுத்திருக்கிறான்.

சிரிப்பு வந்தது, கூடவே உதறலும். முந்தின மாதம் எத்தனை ப்ராஜெக்டுகளுக்குப் படிக்காமலே ‘வெரி குட்’ போட்டேனோ! அடுத்தவர் எழுதியதை எடுக்கலாமா என்று கேட்டேன். “நெட்ல இருக்கறது தெருக் குழாய்த் தண்ணிதானே மிஸ், யார் வேணா புடிச்சுக்கலாம்” என்றான்.

முப்பத்தெட்டு நன்றி

எடுத்தால் எங்கிருந்து எடுத்தது என்று கீழே எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஐந்து மார்க் போய்விடும் என்று சட்டம் போட்டேன். அடுத்த முறை முப்பத்தெட்டு பேரும் எழுதியிருந்தார்கள். முப்பத்தெட்டிலும் ‘நன்றி’ என்று போட்டு ஒரே பேர்: பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் குமார் அண்ணன். பிள்ளைகள் தலைப்பைச் சொன்னால் போதும், தேடி எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். அவரிடமே போய்க் கேட்டேன். பிரிண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “நான்தானே தேடி கலர்ல பிரிண்ட் போட்டுக் குடுத்தேன்? வேற யார் பேரப் போடுவாங்க மிஸ்?”

ஒரு வரி போதும்

பிறகு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தேன். ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால், அதே வரி வேறு எங்கே இருக்கிறது என்று காட்டிவிடும். நெட் இருந்த ஒரே கம்ப்யூட்டர் முன்னால் பிள்ளைகள் முண்டியடித்தார்கள். எதை வேண்டுமானாலும் தேடுங்கள் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, நானே மாட்டிக்கொள்வேன் என்று உறைத்தது.

காரணம் எங்கள் பள்ளி ஆண்டு மலர். அதில் ஏரிகளைப் பற்றி என் பேரோடும் போட்டோவோடும் வந்த கட்டுரையில் மூன்று பத்தி என்னுடையது இல்லை. தாளாளர் ஒரே நாளில் எழுதித் தரச் சொன்னார், ஒரு வலைத்தளத்திலிருந்து எடுத்து ஒட்டிவிட்டேன். எனக்கோ வேலை நிரந்தரமாகவில்லை. வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான்.

அந்த வாரம் முழுக்க லேப் கதவு திறந்தால் திக்கென்றது. வெள்ளிக்கிழமை, அடி அண்ணாமலையிலிருந்து வருகிற ரேவதி, எல்லோரும் போனபிறகு மலரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. “யாருக்கும் சொல்லல மிஸ். நீங்களே சொல்லிடுவீங்கனு இருக்கேன்” என்றாள்.

தாளாளர் அறை

திங்கட்கிழமை தாளாளரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். எழுதியவர் பேரை அச்சடித்து, மலர் ஒவ்வொன்றிலும் ஒட்டிவிடலாம் என்றேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, “நம்ம ஊர்ல இத யாரு கண்டுபுடிக்கப் போறாங்க? பேசாம கிளாஸுக்குப் போங்க மிஸ்” என்றார்.

முதல் பெஞ்ச்

கிளாஸுக்குப் போனேன், பேசாமல் இருக்க முடியவில்லை. தாளாளர் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான், மலரைத் தூக்கிக் காட்டி, எந்த மூன்று பத்தி யாருடையது என்று போர்டில் எழுதினேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. முதல் பெஞ்சிலிருந்து ஒரு குட்டிப் பெண் கையைத் தூக்கி, நிஜமாகவே கவலையோடு கேட்டாள்: “உங்களுக்கு அஞ்சு மார்க்க யாரு மிஸ் கொறைப்பாங்க?”

நான் சொல்லிக் கொடுத்ததைப் பிள்ளைகள் உண்மையிலேயே கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பதுதான், இந்த உத்தியோகத்தில் நான் பட்ட பயங்களிலேயே பெரியது.