எவோராவுக்கு மூன்று பேர்

“ஏங்க, எத்தனை பேர்னு கேக்குது. ரெண்டுன்னு போட்டுடவா?” என்று கைபேசியைப் பார்த்தபடியே மீனா கேட்டாள். நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இருப்பது நானும் அவளும்தான். லீவு எழுதிக் கொடுத்திருப்பதும் நாங்கள் இருவர்தான். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. ஆனால் ‘மூன்று’ என்ற சொல் வாய்வரைக்கும் வந்துவிட்டது. நல்ல வேளை, ‘ம்’ என்று மட்டும் சொல்லித் தப்பினேன்.

போர்த்துக்கலில் எவோரா என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது. சுற்றிவரக் கோட்டை மதில், நடுவில் ரோமர் காலத்துத் தூண்கள். நகரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒலிவ் மரங்களுக்கு நடுவில் ஒரு பண்ணை வீடு. அதில் நாலைந்து அறைகளை வந்துபோகிறவர்களுக்கு விடுகிறார்கள். வருகிற மே மாதம் அங்கே ஒரு கிழமை, ஏழு நாள், தங்குவதாக ஏற்பாடு. யாருடைய கல்யாணமும் இல்லாமல், யாருடைய செத்த வீடும் இல்லாமல், சும்மா ஒரு பயணம் போவது எங்கள் இருவருக்கும் இதுதான் முதல் தடவை.

மீனா திருச்சிக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமான புதிதில் நான் குசினி, கதிரை, அலுமாரி, சப்பாத்து என்று பேசும்போதெல்லாம் முழித்துப் பார்ப்பாள். அவையெல்லாம் போர்த்துக்கீசர் யாழ்ப்பாணத்தில் விட்டுப்போன சொற்கள் என்று எங்கோ வாசித்தாள். அன்று தொடங்கிய கேலி இன்னும் ஓயவில்லை. “அப்ப வாங்கின சாமானையெல்லாம் திருப்பிக் குடுக்கத்தான் போறோம், இல்லையா?” என்று சிரித்துக்கொண்டே கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

படத்தில் வெள்ளைச் சுவர். சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்கு மஞ்சள் பட்டி. மரத்தடியில் இரண்டு கதிரைகள். இந்த இடத்தைத் தானே தேடிக் கண்டுபிடித்ததாக மீனா நினைத்துக்கொண்டிருந்தாள். ஊரின் பெயரையும் வீட்டின் பெயரையும் ஏதோ தற்செயலாகச் சொல்வதுபோல இரண்டு மூன்று தரம் அவள் காதில் போட்டவன் நான். அந்த மஞ்சள் பட்டியை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நான் பார்த்த படத்தில் அதன் மேல் ஆட்டிறைச்சிக் கறியின் எண்ணெய் ஊறியிருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் மெல்பேர்ணில், டண்டினொங் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு யூனிட்டில் மூன்று பேர் இருந்தோம். நான், ராசன், குணம் அண்ணை. மூவரும் ஊரிலிருந்து அகதியாகப் படகில் வந்தவர்கள், மூவரும் பிரிட்ஜிங் விசாவில் இருந்தவர்கள். அந்த விசாவைப் பற்றி உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது கையில் இருந்தால் இந்த நாட்டில் இருக்கலாம். நாட்டைவிட்டு வெளியே காலை வைத்தால் திரும்பி வர முடியாது. உங்கள் வழக்கு முடியும்வரைக்கும் அப்படித்தான். வழக்கு எப்போது முடியும் என்று வக்கீலுக்கும் தெரியாது.

குணம் அண்ணைதான் மூத்தவர். கோழி வெட்டும் தொழிற்சாலையில் குளிர் அறையில் வேலை. அதனால் வீட்டில் கோடை காலத்திலும் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு திரிவார். மனைவியையும் நாலு வயது மகளையும் ஊரில் விட்டுவிட்டு வந்தவர். நானும் ராசனும் மரக்கறி பொதி பண்ணும் இடத்தில் இருந்தோம். நான் அங்கே கரட்டைப் பார்த்த பார்வையில், இன்றுவரைக்கும் மீனா கரட் பொரியல் வைத்தால் எனக்குப் பசி போய்விடும். அது வேறு கதை.

ஞாயிற்றுக்கிழமைகளில் குணம் அண்ணை ஆட்டிறைச்சி காய்ச்சுவார். சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைக்காமலே எங்கள் விளையாட்டு தொடங்கும். கடைத்தெருவில் இருந்த பயண முகவர் கடை வாசலில் விளம்பரப் புத்தகங்களைச் சும்மா எடுத்துப்போகும்படி அடுக்கி வைத்திருப்பார்கள். பளபளவென்ற தாள், நீலக் கடல், தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவர்கள். ராசன் அவற்றை அள்ளிக்கொண்டு வருவான். “இண்டைக்கு எங்க போறம்?” என்று யாராவது ஒருவர் கேட்பார். உடனே நாங்கள் போகத் தொடங்கிவிடுவோம்.

போகவே முடியாத மூன்று பேர் இப்படி இருந்த இடத்திலேயே பயணம் போவதைப் பார்த்தால் உங்களுக்குப் பைத்தியம் என்றுதான் தோன்றும். ஆனால் நாங்கள் அதை வேலையைவிடக் கவனமாகச் செய்தோம். எந்த விமானம், எங்கே மாறுவது, யார் ஜன்னல் பக்கம், எந்தப் பெட்டியில் மிளகாய்த்தூள் என்று எல்லாவற்றையும் பேசி முடிவெடுப்போம். விளையாட்டுக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. ஊருக்குப் போவதாகச் சொல்லக்கூடாது. அது யாரும் போட்ட சட்டம் இல்லை, தானாக வந்தது. மற்றது குணம் அண்ணை போட்டது. யார் எந்த நாட்டின் பெயரைச் சொன்னாலும் அவர் உடனே கையை உயர்த்தி, “திரும்பி வாற வழியை முதல்ல சொல்லு” என்பார். அதைச் சொல்லாமல் ஒரு அடியும் நகர விடமாட்டார்.

ஒருமுறை ராசன் கிரேக்கத்துத் தீவு ஒன்றைப் பற்றி வர்ணித்த வர்ணிப்பில் எனக்கே வெயில் சுட்டது. திரும்பி வரும் விமானத்தை மட்டும் மறந்துவிட்டான். பயணம் ரத்து. “அண்ணை, கனவிலயாவது கொஞ்சம் நிண்டிட்டு வருவமே” என்று கெஞ்சினான். “கனவெண்டாலும் திங்கக்கிழமை வேலைக்கு வரவேணும்” என்றார் குணம் அண்ணை. அவர் சிரிக்கவில்லை. நாங்கள் இருவரும் சிரித்தோம்.

பெரிய தொல்லை உறவினர்கள்தான். எங்கள் ஆட்கள் இல்லாத நகரம் உலகத்தில் ஏது? பாரிஸ் என்று தொடங்கினால் ராசனுடைய சித்தி அங்கே இருக்கிறா. சித்தி இருக்கிற ஊரில் ஹோட்டலில் தங்கினால் செத்தாலும் முகம் பார்க்கமாட்டா. சித்தி வீட்டில் தங்கினால் அதே பாரிஸில் இருக்கிற என் பெரியப்பாவின் மகன் கோபிப்பார். லண்டனில் இன்னும் மோசம். அங்கே குணம் அண்ணையின் மச்சான்மார் இரண்டு பேர், ஒருவரோடு ஒருவர் பேச்சில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டன் பயணத்தில் யார் வீட்டில் முதல் சாப்பாடு என்று சண்டை வந்து, ராசன் உண்மையாகவே கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டான். விளையாட்டில் கோபித்தவனை அடுத்த நாள் காலையில்தான் பேச வைக்க முடிந்தது.

அப்போதுதான் குணம் அண்ணை அந்த எண்ணெய் பட்ட புத்தகத்தை எடுத்து நடு மேசையில் போட்டார். மஞ்சள் பட்டி போட்ட வெள்ளை வீடு. “போர்த்துக்கல். இஞ்ச எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை. ஒரு சித்தியும் இல்லை. திரும்பி வாறதுக்கு லிஸ்பன்ல இருந்து டுபாய், டுபாயிலயிருந்து மெல்பேர்ண். சரியோ?” என்றார். சட்டம் போட்டவரே சட்டப்படி தொடங்கினார். அதற்குப் பிறகு நாங்கள் வேறு எங்கும் போகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் எவோராதான். மேல்மாடி மூலை அறை குணம் அண்ணைக்கு, அவருக்கு மரம் பார்க்க வேண்டும். கீழ் அறை எனக்கும் ராசனுக்கும். காலையில் நடை, பிறகு சுட்ட பாணும் பாற்கட்டியும், பகலில் நகரம் பார்ப்பது.

அந்த நகரத்தில் எலும்புகளால் கட்டிய ஒரு சிறிய தேவாலயம் இருக்கிறது. சுவர் முழுக்க மனித எலும்பும் மண்டையோடும். புத்தகத்தில் அதற்கு அரைப் பக்கப் படம் போட்டிருந்தார்கள். ராசன் ஆர்வமாக வாசித்துக்கொண்டு போனான். குணம் அண்ணை பக்கத்தைத் திருப்பினார். “காசு குடுத்துப் போய்ப் பார்க்கவோ இதை” என்று மட்டும் சொன்னார். அன்றோடு அந்த இடம் எங்கள் பயணத்தில் இல்லாமல் போனது.

இனி நான் சொல்லப்போவதை எங்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள். அந்தப் பண்ணை வீட்டில் நாங்களே சமைக்கலாமா என்று ஒரு சந்தேகம் வந்தது. பாணையும் பாற்கட்டியையும் ஒரு கிழமைக்குத் தின்ன முடியுமா? ராசன் பயணத்தையே கைவிடுவதாகச் சொன்னான். ஊருக்குக் கதைக்கிற போன் கார்டில் மிச்சம் இருந்தது. குணம் அண்ணை புத்தகத்தில் இருந்த எண்ணை அழுத்தினார். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

ஒரு பெண் எடுத்தாள். எங்களைப் போலவே உடைந்த ஆங்கிலம். சமைக்கலாம், அடுப்பு எல்லாருக்கும் பொது, எண்ணெய் நாங்களே ஆட்டுகிறோம், வேண்டிய மட்டும் தருகிறேன் என்றாள். குணம் அண்ணையின் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனை பேர் என்று கேட்டாள். மூன்று என்றார். எப்போது என்று கேட்டாள். நாங்கள் இருவரும் கையை ஆட்டுகிறோம், தலையை ஆட்டுகிறோம். அன்பாக ‘வாங்கோ’ என்று கூப்பிடுகிற ஒருத்தியிடம் ‘இல்லை’ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. “மே” என்றார். அவள் எழுதிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு நித்திரை இல்லை. “அந்த மனிசி கட்டிலுக்கு விரிப்பு விரிச்சுப்போட்டுக் காத்துக்கொண்டு இருக்கப்போகுது” என்பார். சமைத்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு வீட்டுக்குப் போகாமல் விடுவது எங்களுக்கு எவ்வளவு பெரிய அவமரியாதை என்று உங்களுக்குத் தெரியும். வரமுடியாது என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் விசா, வழக்கு என்று அவளிடம் சொல்ல அவருக்கு வெட்கம். கடைசியில், யாரும் கேள்வி கேட்காத காரணம் ஒன்றைக் கண்டுபிடித்தார். மறுபடி போன் எடுத்து, “அன்ரி டைட்” என்றார், மாமி செத்துப்போனா என்று. செத்த வீட்டுத் தீட்டு, துடக்கு, முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடியாமல் எங்கள் வழக்கப்படி வெளியே வெளிக்கிட முடியாது என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினார். இல்லாத ஒரு அன்ரியை எங்கள் கண் முன்னாலேயே சாகடித்தார். அந்தப் பெண் அழாக்குறையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு வாருங்கள், அறை எங்கேயும் ஓடிப்போகாது என்றாள். சாவுப் பொய் சொன்ன பயத்தில் அடுத்த வெள்ளிக்கிழமை குணம் அண்ணை கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தார். செத்துப்போன அன்ரிக்கு என்ன நட்சத்திரம் என்று ராசன் கேட்டு அடி வாங்கினான்.

பிறகு காலம் எங்களைப் பிரித்துப் போட்டது. எனக்கும் ராசனுக்கும் வழக்கு நல்லபடி முடிந்தது. விசா வந்தது, பிறகு நிரந்தர விசா, பிறகு குடியுரிமை. ராசன் சிட்னியில் லொறி ஓட்டுகிறான். பொங்கலுக்கு ஒரு படம் அனுப்புவான். நான் மல்கிரேவில் ஒரு கிடங்கில் மேற்பார்வை செய்கிறேன். கரட் இல்லாத கிடங்கு. குணம் அண்ணைக்கு மட்டும் விசா இல்லை என்றார்கள். மேல்முறையீட்டுக்குப் போனார், அங்கேயும் இல்லை. மறுபடி மனுப் போட்டிருக்கிறார். அதே யூனிட், அதே குளிர் அறை, அதே பிரிட்ஜிங் விசா. நாலு வயதில் விட்டுவந்த மகள் இப்போது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில், ஏ.எல். படிக்கிறாள். கைபேசித் திரையில்தான் அவள் உயரமாகி வளர்ந்ததை அவர் பார்த்தார்.

இந்தப் பயணத்தை அவரிடம் எப்படிச் சொல்வது? அறையைப் பதிவு செய்த நாளிலிருந்து எனக்கு வேறு சிந்தனை இல்லை. அவர் கண்டுபிடித்த வீடு அது. அவர் கூப்பிடப்பட்ட வீடு. வேறு ஊருக்குப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். எனக்கு வேறு ஊர் தெரியவில்லை, அதுதான் உண்மை.

கடைசியில் பழைய கதை முழுவதையும் மீனாவிடம் சொன்னேன். “சொல்லாம போய்ட்டு வந்துடலாமா?” என்றாள் மீனா. பிறகு அவளே, “வேணாம், யாராச்சும் சொல்லித் தெரிஞ்சா அண்ணா உடைஞ்சு போயிடுவாங்க” என்றாள்.

சனிக்கிழமை பகல் போனோம். கம்பளித் தொப்பியோடு கதவைத் திறந்தார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் கோப்பையை ஊதிக்கொண்டே இருந்தேன். மீனாதான், “அண்ணா, மே மாசம் நாங்க எவோரா போறோம்” என்று சொன்னாள்.

குணம் அண்ணை கோப்பையை மேசையில் வைத்தார். என்னைப் பார்த்தார். “அந்த வீடோ?”

“ஓம் அண்ணை.”

அவர் எழும்பி ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். “எந்த அறை எடுத்தனி?” என்று கேட்டார். கீழ் அறை என்றேன். “விசரா, மேல்மாடி மூலை அறையை எடு. மரம் அங்கயிருந்துதான் தெரியும். இப்பவே மாத்து” என்று அதட்டினார். மீனா அங்கேயே கைபேசியில் மாற்றினாள். பிறகு அவர் நிறுத்தவில்லை. மே மாதத்தில் காலையில் குளிருமா, மிளகாய்த்தூளை எந்தப் பெட்டியில் வைக்கிறீர்கள், எண்ணெய் தந்தால் ஒரு போத்தல் கொண்டு வரலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பழைய ஞாயிற்றுக்கிழமைபோல இருந்தது. என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டதென்றே நினைத்தேன்.

“அந்த மனிசி இருக்கிறாவோ?”

“தெரியேல்ல அண்ணை. இப்ப மகள் நடத்துறா போல.”

“இருந்தா சொல்லு,” என்றார். “முப்பத்தொண்டு முடிஞ்சுது எண்டு.”

மூவரும் சிரித்தோம். வாசல்வரை வந்து, “சந்தோசமாப் போயிட்டு வாங்கோ” என்று மீனாவின் கையில் தான் வறுத்த மிளகாய்த்தூள் பொதி ஒன்றைக் கொடுத்தார்.

மீனா காரை ஓட்டினாள். ஸ்பிரிங்வேல் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அறையைக் கேட்டார், குளிரைக் கேட்டார், எண்ணெயைக் கேட்டார். திரும்பி வரும் வழியை மட்டும் அவர் கேட்கவில்லை. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருமுறையாவது அவர் அதைக் கேட்காமல் எங்களை வெளிக்கிட விட்டதில்லை. லிஸ்பன், டுபாய், மெல்பேர்ண் என்று பதிலை நான் வீட்டிலிருந்தே ஆயத்தமாகக் கொண்டு போயிருந்தேன்.

என்னிடம் இப்போது பாஸ்போர்ட் இருக்கிறது. எங்கே போனாலும் நான் திரும்பி வருவேன். அது அவருக்குத் தெரியும்.