வாகீசன் பார்த்துச் சொன்ன பதினொரு மட்டைகள்

என் தங்கச்சி தர்சிகாவின் புருஷன் வாகீசனை உடுவிலில் விசாரித்தால் "மீற்றர் பார்க்கிற வாகீசனோ?" என்பார்கள். கனடாவிலும் லண்டனிலும் விசாரித்தால் "மட்டை வாகீசனோ?" என்று கேட்க ஒரு இருநூறு பேர் இருக்கிறார்கள். வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீற்றர் வாசிப்பது அவருக்குச் சம்பளத்துக்கான வேலை. போகிற வீட்டிலெல்லாம் "பழைய கார் மட்டை ஏதும் கிடக்கோ?" என்று கேட்பது ஆசைக்கான வேலை. நாய் துரத்திய வீட்டிலும் படலைக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார். எனக்கு அந்தப் பைத்தியம் பிடிக்காது. ஆனால் அவருக்கு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மட்டை என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்றுமூன்றில், பொருளாதாரத் தடைக் காலத்தில், சுன்னாகத்துப் பக்கம் ஒருவர் முயல் மார்க் என்ற பெயரில் தோடம்பழ இனிப்புச் செய்து விற்றார். ஒவ்வொரு பைக்குள்ளும் கார் படம் அச்சடித்த சின்ன மட்டை ஒன்று இருக்கும். மொத்தம் நாற்பது கார்கள். பெற்றோலைக் கண்ணால் காணாத நாட்கள் அவை. தெருவில் ஓடிய இரண்டொரு காரும் மண்ணெண்ணெய் குடித்து இருமிக்கொண்டுதான் ஓடின. அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குக் கார் படம் கொடுத்த மனிசனின் நக்கலை நான் மெச்சுகிறேன்.

அச்சடிக்கப் புது அட்டை கிடையாது. அதனால் அச்சில் பிழைத்துப்போன கொப்பி மட்டைகளை வாங்கி, வெறுமையாய் இருந்த பக்கத்தில் காரை அடித்தார்கள். உண்மையான மட்டையைத் திருப்பினால் கொப்பியின் வாய்பாட்டில் ஒரு துண்டு தெரியும். முதல் தரம் அச்சடித்ததில் கறுப்பு மை மட்டும். இரண்டாம் தரம் சிவப்பும் சேர்ந்தது. அந்தச் சிவப்பு கோட்டுக்குள் நில்லாமல் ஒரு மயிரிழை வலப்பக்கம் தள்ளி விழும். பிறகு ஒரு அச்சுப் புளொக் வெடித்து, ஒஸ்ரின் காரின் கதவில் ஒரு கீறல் வந்தது. வாகீசன் பூதக்கண்ணாடியைப் பிடித்தாரென்றால் கீறலுக்கு முந்தியதா பிந்தியதா, எத்தனையாம் அச்சு என்று சொல்லிவிடுவார். ஒரே காரில் ஆறு வித்தியாசம் பிரித்து வைத்திருக்கிறார். இவற்றைச் சேர்த்து வைக்க விலைக்கு வாங்குகிறவர்கள் அவர் பார்க்காத மட்டையைத் தொடமாட்டார்கள். பார்த்த மட்டையைச் சின்ன உறையில் போட்டு, "பார்த்தேன், சரி. வாகீசன்" என்று பென்சிலால் எழுதுவார். அதற்கு ஒரு சதமும் வாங்கியதில்லை. அந்த மூன்று சொல்லுக்கு இருந்த மதிப்புத்தான் அவருடைய சொத்து.

இனிச் செந்தூரன். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு ஓடியபோது, சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இவர்கள் இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்தவர்கள். இப்போது செந்தூரன் சுன்னாகத்தில் கலியாணக் காட், பனர் எல்லாம் அடிக்கிற கடை வைத்திருக்கிறான். மட்டைக்காரர்களின் வட்ஸ்அப் குழுவைத் தொடக்கியவனும் அவன்தான்.

போன வருஷம் வாகீசனின் பிறந்தநாளுக்கு அவன் ஒரு மட்டை கொண்டுவந்து கொடுத்தான். முப்பத்தோராம் நம்பர், மொறிஸ் மைனர். வாகீசன் பதினைந்து வருஷமாய் ஊரெல்லாம் தேடியது. கொடிகாமத்தில் ஒரு வீட்டில் எடுத்ததாகச் சொன்னான். என் மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. "இது சரியெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறாய், சொல்லு கேப்பம்" என்று செந்தூரன் பதிவுசெய்யப் போனைப் பிடித்தான். இவர் இரண்டு மணித்தியாலம் கொட்டித் தீர்த்தார். சிவப்பு எவ்வளவு தள்ளவேண்டும், வெட்டு எந்தப் பக்கம் சாயவேண்டும், பழைய கொப்பி மட்டைக் கட்டு எந்தக் கடையில் இன்னும் கிடக்கிறது, எல்லாம் சொன்னார். இடப்பக்க லைற்றில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. "இதிலை புளொக்கிலை தூசி இருந்திருக்கு. மை பிடிக்கேல்லை. இது ஒரு புது வித்தியாசம்" என்றார். குழுவில் போடுவதற்கு ஸ்கான் பண்ண வேண்டுமென்று செந்தூரன் அதை ஒரு நாள் கொண்டுபோய், அடுத்த நாள் பத்திரமாய்த் திருப்பிக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதத்தில் அதே முப்பத்தோராம் நம்பர் பதினொன்று வந்தன. ஒவ்வொன்றாய்க் கொண்டுவந்தவன் செந்தூரன். மீசாலையில் ஒரு வீடு, மிருசுவிலில் ஒரு வீடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. எல்லாவற்றிலும் லைற்றில் அந்த வெள்ளைப் புள்ளி. தான் கண்டுபிடித்த வித்தியாசம் நிரூபணமாகிவிட்டதென்று இவருக்குத் தலைகால் தெரியவில்லை. பத்தை உறையில் போட்டுக் கையெழுத்து வைத்தார். வெளிநாட்டுக்காரர்களுக்குச் செந்தூரன் நல்ல விலைக்கு எடுத்துக் கொடுத்தான்.

பதினோராவது வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே போயிருந்தேன். சிவப்பு மங்கிவிடும் என்று வெளிச்சம் படாமல் பூட்டி வைத்திருந்த தன்னுடைய மட்டையை அன்றைக்குத்தான் வெளியே எடுத்து, புதியதற்குப் பக்கத்தில் வைத்தார். தர்சிகா அவருடையதைக் கையிலெடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தாள்.

"இஞ்சை பாருங்கோ, இதுக்குள்ளாலை வெளிச்சம் வருது."

"அது மை பிடிக்காத இடமப்பா."

"மை பிடிக்காட்டி ஓட்டை வருமே? இது குண்டூசி குத்தின ஓட்டை. ஆரோ சுவரிலை குத்தி வைச்சிருந்திருக்கினம்."

அவர் வாங்கிப் பார்த்தார். குண்டூசி ஓட்டைதான். யாரோ பின்பக்கம் பசை வைத்து அடைத்து, அது காய்ந்து உதிர்ந்திருந்தது. பதினோராவதைத் தூக்கிப் பிடித்தார். அதில் ஓட்டை இல்லை. புள்ளியை வெள்ளையாக விட்டு அச்சடித்திருந்தது. ஒரு வீட்டுச் சுவரில் குத்திய ஊசி இன்னும் பதினொரு மட்டையில் வெள்ளைப் புள்ளியாய் வராது. பதினொன்றும் இவருடைய ஒன்றைப் பார்த்துச் செய்தவை. அந்த ஒன்று இவர் கையைவிட்டுப் போனது ஒரே ஒரு நாள்தான். சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழும்பினார். நானும் கூடப் போனேன்.

செந்தூரன் கடையில் சாமத்தியவீட்டு அழைப்புக் காட் வெட்டிக்கொண்டிருந்தான். வாகீசன் இரண்டு மட்டையையும் மேசையில் வைத்தார்.

"இதுக்கு என்ன சொல்லுறாய்?"

"நீதானே பாத்துச் சரியெண்டு எழுதினனி."

"எல்லாம் உனக்கு நான் சொல்லித் தந்தனான்."

"ஓம், நல்லாச் சொல்லித் தந்தனி. அதாலைதான் உனக்கே பிடிபடேல்லை."

எனக்குக் கை துருதுருத்தது. வாகீசன் என்னைத் தடுத்துவிட்டு, சின்னக் குரலில் கேட்டார்.

"அப்ப முப்பத்தொண்டை எனக்கு ஏன் சும்மா தந்தனி?"

"தராட்டி நீ வாய் திறந்திருப்பியே?" என்றான் செந்தூரன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மோட்டார் சைக்கிளில் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் வாகீசன் குழுவில் எழுதினார். "அன்பானவர்களுக்கு, முப்பத்தோராம் நம்பர் மட்டைகள் போலியானவை. பார்த்துச் சரியென்று எழுதியவன் நான். என்னை மன்னியுங்கள்."

"அவன்ரை பேர் எங்கை?" என்று கத்தினேன்.

"பாத்தது என்ரை கண். கையெழுத்தும் என்ரை."

"செய்தது அவனெல்லோ. நீர் என்ன விசரோ?"

"பழியை நான் ஏற்றால் அவனுக்கு வெக்கம் வரும், மச்சான். தானாய் வந்து சொல்லுவான். முப்பது வருஷப் பழக்கம், எனக்கு அவனைத் தெரியும்" என்றார். எனக்கு அவர்மேல்தான் ஆத்திரம் வந்தது. இவ்வளவும் நடந்த பிறகும் அவர் அவனை நம்பிக்கொண்டிருந்தார்.

தர்சிகா தேத்தண்ணி கொண்டுவருவதற்குள் போன் சத்தம் போட்டது. குழுவில் செந்தூரன்தான். வாகீசன் ஆவலோடு எடுத்து எங்களுக்கும் கேட்கும்படி வாசித்தார். "பரவாயில்லை வாகீசன். நீ சரியென்று சொன்னதை நம்பித்தான் நானும் எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தேன். மனிசருக்குப் பிழை வருவது வழமை. உறவுகளே, அவர்மீது யாரும் கோபிக்க..." போனை மேசையில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் எடுத்துப் பார்த்தேன். கீழே கும்பிடும் கைகள் வரிசையாய் விழுந்துகொண்டிருந்தன, எல்லாம் செந்தூரனுடைய பெரிய மனசுக்கு. ரொறன்ரோவிலிருந்து சுபாங்கன் என்பவர் எழுதியிருந்தார்: "இனிமேல் மட்டைகளை நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ, செந்தூரன் அண்ணை."

செந்தூரன் அதற்கு "ஓம், பாக்கிறன்" என்று பதில் போட்டிருந்தான்.